வாலுக்குப் பிடித்த கச்சேரி

சமையலறையில் வளர்ந்த சின்னப் பல்லி ஒன்று, கூடத்து டியூப் லைட்டடியில் இடம் கேட்டு வந்தது. அங்கே பூச்சிகள் அதிகம். லைட்டுக்குப் பின்னால் பாதி உடம்பை மறைத்தபடி பெரிய பல்லி எட்டிப் பார்த்தது.

"ரசனை ஒத்துப்போனால்தான் இடம். உனக்கு யார் வாசிப்பது பிடிக்கும்?"

சின்னப் பல்லிக்கு உயிரே மிக்ஸியும் குக்கரும் சேர்ந்து நடத்தும் காலைக் கச்சேரிதான். சொன்னால் சிரிக்குமோ என்று பயம்.

"மாடி வீட்டு வீணை, அக்கா."

"அட, நானும் வீணைதான்! நேற்று எப்படி?"

"ரொம்ப உருக்கம், அக்கா."

"நேற்று அவங்க ஊரிலேயே இல்லையே?"

அந்த நேரம் பார்த்துச் சமையலறையில் சட்னிக்கு மிக்ஸி உறுமியது. குக்கர் கூடவே விசிலடித்தது. சின்னப் பல்லி சுவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. வால் சொன்ன பேச்சு கேட்கவில்லை. துள்ளித் துள்ளி அறுந்து, தரையில் விழுந்து தனியாக ஆடியது. ஒவ்வொரு விசிலுக்கும் ஒரு குட்டிக்கரணம் வேறு.

"பொய் சொல்லிட்டேன், அக்கா. எனக்கு மிக்ஸிதான் பிடிக்கும். நான் சமையலறைக்கே போயிடறேன்."

பெரிய பல்லி மெல்ல வெளியே வந்து திரும்பி நின்றது. அதற்கு வால் இருந்த இடத்தில் ஒரு மொட்டைக் குச்சிதான் இருந்தது.

"கதவில் நசுங்கியதுன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன். கிரைண்டர் சத்தத்துக்கு ஆடியே போனதுடி இது! சீக்கிரம் இப்படி வா, மாவாட்டப் போறாங்க."