பட்டன்களின் பெயர்கள்

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

அவள் எழுதிய நிரலில் பிழை இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைகள் ஒவ்வொன்றாக ஓடின. பச்சை. பச்சை. மறுபடி பச்சை.

அந்த மருத்துவமனையின் முன்பதிவு இணையதளத்தில் பக்கத்துக்குப் பக்கம் பட்டன்கள். ஒவ்வொன்றையும் யாரோ தன் போக்கில் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள்.

அவள் எல்லாவற்றையும் தூக்கிவிட்டிருந்தாள். எல்லாப் பட்டன்களுக்கும் பொதுவான அச்சாக ஒரே ஒரு கம்போனென்ட் எழுதியிருந்தாள். அதைத் தனியாக வைத்துச் சோதிக்கலாம். எந்தப் பக்கத்திலும் பொருத்தலாம். பெயரில்லாத பட்டனை அது ஏற்காது.

மதியத்துக்குள் புதிய பட்டன்கள் தளத்தில் ஏறிவிட்டன.

டீம் லீடர் சபாபதி வந்து பார்த்தார். அதே நிறம். அதே இடம். இத்தனை நாள் உட்கார்ந்தது இதற்குத்தானா என்று கேட்டார்.

அவள் எழுந்து அன்வர்தீனின் மேசைக்குப் போனாள்.

அன்வர்தீன் டெஸ்டர்; தளங்களைப் பயன்படுத்திப் பார்த்துப் பிழை சொல்பவன். பிறவியிலேயே பார்வை இல்லை. திரையில் இருப்பதை ஒரு மென்பொருள் அவன் காதில் வாசிக்கும். இந்தத் தளத்துக்கு வந்தால் மட்டும் அது ‘பட்டன், பட்டன், பட்டன்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தது. எது உறுதி செய்ய, எது ரத்து செய்ய என்று பக்கத்து இருக்கைக்காரரைத்தான் கேட்க வேண்டும்.

அவன் ஹெட்போனை மாட்டினான்.

விரல்கள் நகர்ந்தன. நின்றன. மறுபடி நகர்ந்தன.

ஒரு பக்கம். அடுத்த பக்கம். அதற்கும் அடுத்தது.

அவன் புருவம் மெல்ல உயர்ந்தது. ஹெட்போனை ஒரு காதிலிருந்து தள்ளினான்.

“எல்லாமே பேர் சொல்லுதுங்க.”

அவள் குனிந்து திரையைப் பார்த்தாள்.

இது சோதனைத் தளமா, வெளியாட்கள் பயன்படுத்துவதா என்று அவன் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

நிஜத் தளம்தான் என்றாள்.

அவன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். முன்பதிவுப் பக்கத்தைத் திறந்தான். நோயாளியின் பெயர் என்ற இடத்தில் தன் மனைவி மெஹர்நிஷாவின் பெயரைத் தட்டினான்.

பிரிவு: மகப்பேறு.

அவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஓசைப்படாமல் அங்கிருந்து நகர்ந்தாள். முதுகுக்குப் பின்னால் அவன் விசையை அழுத்தும் சத்தம். பிறகு, தனக்குள்ளேயே சிரிக்கும் சத்தம்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

நல்ல செய்தியை அவனே சொல்லட்டும்.