ஃபேனுக்குக் கீழே புல்

“ஏங்க, நீங்க அறுத்துப் போட்ட புல்லை அந்த மலையாண்டி அள்ளிட்டுப் போறாரு!” முனீஸ்வரி கத்தினாள்.

அழகுபாண்டிக்கு ரத்தம் கொதித்தது. பசியோடு நிற்கிற சினைப்பசுவுக்காக மழையில் நனைந்துகொண்டே அறுத்த புல். வரப்புத் தகராறில் பேச்சு நின்றுபோன பக்கத்து வீட்டுக்காரன், இப்போது தொழுவத்துக்குள்ளேயே கை வைத்துவிட்டான்.

விறுவிறுவென்று மலையாண்டி வீட்டுக்குள் நுழைந்தவன் திகைத்து நின்றான். சோபாவை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஹால் முழுக்கப் புல்லை உதறிப் பரப்பியிருந்தார் மலையாண்டி. மேலே ஃபேன் முழு வேகத்தில் ஓடியது.

மலையாண்டி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. ஃபேனைப் பார்த்துப் பேசினார்.

“அவன்கிட்டச் சொல்லு. போன மழைக்கு இந்த மாதிரி ஈரமான இளம்புல்லைத் தின்னுதான் எங்க செவலை வயிறு உப்பிச் செத்துச்சு. அவன் பசுவுக்கு வைக்கோலைப் போட்டுட்டுத்தான் வந்திருக்கேன்.”

அழகுபாண்டி தொழுவத்துக்கு ஓடினான். பசு நிம்மதியாக வைக்கோலை மென்றுகொண்டிருந்தது. அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மறுபடியும் மலையாண்டி வீட்டுக்கு வந்தவனும் ஃபேனைத்தான் பார்த்தான்.

“அண்ணன்கிட்டச் சொல்லு. புல்லு காயிற வரைக்கும் நான் இங்கனதான் இருப்பேன். ஒரு காப்பி கிடைக்குமான்னு கேளு.”