அப்பாவுக்கு வேண்டியவன்

இரண்டாவது அடியிலேயே மண்வெட்டிக் காம்பு முறிந்துபோனது. சின்னவர் அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் பக்கத்தில் நின்றவன் கையிலிருந்த இரும்புக் குழாயைப் பிடுங்கினார். வரப்பில் கிடந்த நெட்டையன் அந்த நிலையிலும் எழுந்து நிற்கத்தான் பார்த்தான்.

சின்னவர் அமைச்சரின் ஒரே மகன். அடுத்த தேர்தலில் அப்பாவின் தொகுதி தனக்குத்தான் என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். அப்பாவோ வாயே திறக்கவில்லை. இந்த இருபது ஏக்கரையும் காலி பண்ணிக் காட்டினால், பிள்ளைக்கும் முதுகெலும்பு இருக்கிறது என்று அவர் ஒத்துக்கொண்டுதானே ஆகவேண்டும்?

காலையிலேயே பொக்லைன் வந்து கூலியாட்களின் குடிசைகளையெல்லாம் சட்டி பானையோடு தரைமட்டமாக்கிவிட்டது. மிச்சம் நெட்டையன் குடிசை ஒன்றுதான். உழுகிறவனுக்கே நிலத்தை எழுதிக் கொடு என்று நாலு மாதமாக ஆட்களைச் சேர்த்துக்கொண்டு மல்லுக்கு நிற்பவன் அவன்தான்.

அவன் மேல் கை வைக்க அடியாட்களே தயங்கினார்கள். போன மழைக்காலத்தில் அவனுக்கு விஷக்காய்ச்சல் கண்டபோது, அமைச்சர் தன் சொந்த டாக்டரைக் காரில் அனுப்பி மூன்று நாள் அந்தக் குடிசையிலேயே உட்கார வைத்தார். பெற்ற பிள்ளைக்குக் கால் உடைந்தபோது போனில் விசாரித்ததோடு சரி. 'நெட்டையன் மேல ஒரு துரும்பு படக்கூடாது' என்று வேறு அடிக்கடி சொல்வார். நெட்டையனுக்கு அமைச்சரின் அப்பாவுடைய மூக்கு அப்படியே இருக்கிறது என்று வேலைக்காரர்கள் தங்களுக்குள் சிரித்துக்கொண்டதும் சின்னவர் காதில் விழுந்திருக்கிறது. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

"காலி பண்றியா, இல்லையா?"

நெட்டையன் வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினான். "முப்பது வருஷமா நான் உழுத நிலம். நான் எதுக்கு சின்னய்யா போகணும்?"

குழாய் தோளில் இறங்கியது, பிறகு விலாவில். அடுத்த அடி எங்கே விழுகிறது என்று சின்னவர் பார்க்கவேயில்லை. மண்டை பிளந்த சத்தத்தில் பொக்லைன் ஓட்டியவன் குதித்து ஓடிப்போனான்.

நெட்டையனின் மனைவி அலறிக்கொண்டு வந்து அவன் தலையை மடியில் ஏந்தினாள். முந்தானையை வைத்து அழுத்தியும் ரத்தம் நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மூச்சுத்தான் நின்றது. அவளையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் இழுத்துப் போய் எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் தள்ளச் சொன்னார் சின்னவர். தலைமுடியைப் பிடித்துத்தான் இழுத்தார்கள்.

அமைச்சரின் கார் வந்தபோது மணி நாலு. சின்னவர் ரத்தச் சட்டையோடு எதிரே போய் எல்லாவற்றையும் சொன்னார். நெட்டையன் கதை முடிந்தது, டிராக்டர் கவிழ்ந்து செத்ததாகப் போலீசில் எழுதச் சொல்லியாகிவிட்டது, நிலம் சுத்தம். அப்பா தட்டிக்கொடுப்பார் என்று தோளைக்கூட லேசாகச் சாய்த்துக் காட்டினார்.

விழுந்தது பளார் என்று ஓர் அறை. அறைந்த கையாலேயே அமைச்சர் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு குடும்பத்துக்கு இத்தனை ஏக்கர்தான்னு சட்டம் வந்தப்ப, இந்த நிலம் மட்டும் எப்படித் தப்பிச்சுதுன்னு என்னிக்காவது கேட்டியாடா?"

சின்னவர் கேட்டதில்லை. கேட்க வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றியதில்லை.

"வேலைக்காரன் ஒருத்தன் பேருக்கு எழுதி வெச்சேன். அவனுக்கே தெரியாது. என்ன ஏதுன்னு சொல்லாம கைநாட்டு வாங்கி, நிலத்தை ஆளுற அதிகாரத்தை மட்டும் என் பேருக்கு எழுதிக்கிட்டேன். அந்த அதிகாரப் பத்திரம் அவன் உசிரோட இருக்கிற வரைக்கும்தான் செல்லும்."

சின்னவருக்கு அது யார் பேருக்கு என்று கேட்கவும் பயமாக இருந்தது.

அமைச்சர் எல்லைக்கல் பக்கம் பார்த்தார். முடி அவிழ்ந்து கிடக்க, இரண்டு பெண்களையும் அணைத்துக்கொண்டு அவள் அங்கேயே நின்றாள்.

"போய் அவ கால்ல விழு. நாம நிக்கிறது அவ நிலம்."