எழுத்து தெரியுதா?

புது கெமிஸ்ட் ஹேமாங்கிபென் வந்த முதல் நாளே உதவியாள் ஜிக்னேஷை வேலையை விட்டே அனுப்பிவிட்டாள். தெர்மாமீட்டரைப் பார்க்காமலே சூட்டைக் குறித்து வைத்தானாம்.

அதைக் கேட்டதிலிருந்து ஆபரேட்டர் மன்ஹர்பாய் அவள் கண்ணில் படாமலே நடமாடினார்.

குஜராத்தில், அந்த அங்க்லேஷ்வர் ரசாயன ஆலையில் அவருக்கு இருபது வருஷ வேலை. துணியை மிருதுவாக்கும் சிலிக்கோன் எண்ணெயைச் சோப்புச் சரக்கோடு கலக்கி, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். அவசரப்பட்டால் தொட்டி முழுக்கப் பாலாக வெளுத்துப்போகும். மோட்டார் முனகுவதைக் கேட்டே அவர் குழாயைத் திருகுவார். ஒரு தொட்டிகூடக் கெட்டதில்லை.

கடைசிச் சோதனைதான் எமன். சரக்கைக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, பின்னால் இருக்கும் அட்டையின் எழுத்தைப் படிக்க வேண்டும். படிக்க முடிந்தால் சரக்கு தேறியது.

ஒரு வருஷமாக அவர் கண்ணில் புரை. அட்டையில் இருந்த வரியை மனப்பாடம் செய்து ஓட்டிக்கொண்டிருந்தார். திருட்டுத்தனம்தான். கண் தெரியாத ஒப்பந்த ஆளை எவன் வைத்துக்கொள்வான்?

"எழுத்து தெரியுதா காகா?" குடுவையை அட்டைக்கு முன்னால் வைத்த ஹேமாங்கிபென், பெரியவரைச் சித்தப்பா முறை சொல்லியே கேட்டாள்.

"நல்லா தெரியுது பென்."

"அப்புறம் ஏன் கண்ணைச் சுருக்குறீங்க?"

"ஏசி காத்து கண்ணுல அடிக்குது."

"ஏசி கெட்டு நாலு நாளாச்சு. படிங்க."

"தலைக்கவசம் இல்லாமல் உள்ளே வரக் கூடாது" என்று மனப்பாட வரியை ஒப்பித்தார்.

அவள் ஏதோ எழுதினாள். ஒரு தாளைக் கிழித்து நீட்டினாள். தொலைந்தோம் என்று நினைத்தார். அதையும் அவரால் படிக்க முடியவில்லை.

"கண்ணாடியை வீட்ல வச்சுட்டேன் பென். நீங்களே சொல்லிடுங்க."

"கண் ஆஸ்பத்திரிச் சீட்டு. திங்கட்கிழமை ஆபரேஷன், செலவு ஆலையோடது. ஆறினதும் வந்து உங்க தொட்டியைப் பாருங்க."

"என் கண்ணுக்கு என்ன? இப்பதானே படிச்சேன்?"

"சரக்கை நான் அப்பவே பார்த்துட்டேன், தெளிவா இருக்கு. அட்டையைத்தான் காலையிலயே திருப்பி வச்சேன். நீங்க படிச்சது வெறும் வெள்ளைப் பக்கம்."

மன்ஹர்பாய் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"ஜிக்னேஷும் பார்க்காமதானே எழுதினான்... அவனை மட்டும் ஏன் பென்?"

அவள் குடுவையைக் கழுவ எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அவனுக்குக் கண்ணு நல்லா தெரிஞ்சுது, காகா."