மூன்று சொட்டு எண்ணெய்

கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வென்ட் ஞாயிறு. மாதிரி ரயில் சங்கத்தின் கதவு பார்வையாளர்களுக்குத் திறக்க இன்னும் ஏழு நிமிடம். இரண்டு வருடமாகக் குட்ரூன் கட்டிய மலைப்பாதையில் இன்றுதான் முதல் வண்டி ஏற வேண்டும். அதை இழுக்க வேண்டிய பச்சை எஞ்சினோ அவள் உள்ளங்கையில் மல்லாந்து கிடக்கிறது. மின்சாரம் கொடுத்தால் உறுமுகிறது, சக்கரம் சுற்றவில்லை. மூடியைக் கழற்றி விளக்கடியில் பிடிக்கிறாள். மோட்டாருக்குள் மின்சாரம் ஏறும் செம்பு வளையத்தில் கரியும் எண்ணெயும் குழைந்து கறுப்புச் சேறாக மின்னுகிறது. "யாருய்யா இதுல எண்ணெய் விட்டது?" "செவ்வாய்க்கிழமை நான்தான். ஒரே சொட்டு," என்கிறார் தலைவர் எக்கார்ட். "அய்யோ, வியாழக்கிழமை நானும் விட்டேனே!" என்கிறார் செயலாளர் வோல்க்மார். அவள் கணவன் டீட்டர் தொண்டையைச் செருமுகிறான். "கோவிச்சுக்காத குட்ரூன், இன்னைக்குக் காலையில நானும்..." "இது எஞ்சினா, எண்ணெயில ஊறப்போட்ட மீனா?" ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சுக்குச்சி வளையத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது, கறுப்புக்கு அடியிலிருந்து செம்பு சிவக்கிறது. எஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்து விசையைத் திருகுகிறாள். ஒரு சிலிர்ப்பு. பாலம் ஏறுகிறது, வளைகிறது, குகைக்குள் மறைகிறது. நால்வரும் மூச்சைப் பிடித்துக் குனிகிறார்கள். மறுவாயில் முகப்பு விளக்கு எட்டிப் பார்த்ததும், அறுபத்திரண்டு வயது குட்ரூன் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு தொண்டை கிழியக் கூவுகிறாள்: "கூ...!"