பழைய பாஸ்வேர்டு

“தட்டுறது யாருன்னு கேக்கறதுக்கு முந்தி…” என்று அந்த வீட்டில் முன்பு இருந்த பழைய தொலைபேசி ஏதோ சொல்லும். மீதி ரவுட்டருக்கு நினைவில்லை.

ஊர் திரும்பிய மகன், ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டை அப்பாவிடம் சொல்லாமலே மாற்றிவிட்டான். அப்பாவின் டேப்லட்டோ பழையதையே சொல்லித் தட்டியது.

“நான்தாண்ணே. வெள்ளிக்கிழமை பினாங்கிலேர்ந்து ஐயாவோட தங்கச்சி கூப்பிடும்.”

“புதுசைச் சொல்லு, விடுறேன். இல்லேன்னா இடத்தைக் காலி பண்ணு.”

நான்கு வெள்ளி இப்படியே போனது. ஐந்தாம் வெள்ளி டேப்லட் தட்டவில்லை.

“என்னப்பா, கோவமா?”

“தங்கச்சி மறந்துட்டான்னு ஐயா நேத்து அழுதாருண்ணே. இனி என்னை அலமாரியில வச்சிருவாராம்.”



ரவுட்டர் தன் செட்டிங்ஸ் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, அடியில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டுக்கே திரும்பியது.