பிஞ்சில்லாத பூ

"பூத்திடுச்சா? நல்ல சேதிதானே. ஏன் முகம் வெளுத்துப் போயிருக்கு?" என்றான் தபன்.

திசு வளர்ப்புக் கூடத்தில் புட்டியில் துளிர்த்து, தொட்டிக்கு மாறிய பொட்டோல் என்ற காய்கறிக் கொடி அது; அதில் ஆணும் பெண்ணும் தனித்தனிக் கொடிகள். ஷர்பரி முதல் பூவைத் திருப்பிக் காட்டினாள். "இதழுக்கு அடியில பிஞ்சு இருக்கா பாரு. ஆண் கொடி. காய்க்கவே காய்க்காது."

"காய் கேட்ட மனுஷனுக்கு மாப்பிள்ளையையா அனுப்பப் போற?"

"சிரிக்காதடா. அவர் சம்சாரம் வளர்த்த கொடி. அந்தம்மா செத்துட்டாங்க. வெள்ளத்துல அழுகினது போக ஒரு தண்டுதான் மிஞ்சிச்சு. அதை நான் வேற யாரோட தண்டோடயோ மாத்திட்டேன்."

வாசலில் சைக்கிள் நின்றது. நிஷீத் பிஸ்வாஸ் உள்ளே வந்தார். ஷர்பரி கையால் பூவை மறைத்தாள்.

"நிஷீத் பாபு, பெரிய தப்பு நடந்துபோச்சு. இது ஆண் கொடி."

அவர் குனிந்து பார்த்தார்.

"நான் குடுத்ததே ஆண் கொடிதான், தீதி. எங்க தெருவுல எல்லாரும் காய்க்கிற கொடியாப் பார்த்து நட்டாங்க. காய்க்காததுக்கு இடம் விட்டவ அவ ஒருத்திதான். விடியக்காலையில இந்தப் பூவைப் பறிச்சுக்கிட்டு வீடு வீடாப் போய், அவங்க பூவுல தொட்டு வைப்பா. இந்த வருஷம் யார் வீட்டுலயும் ஒரு பிஞ்சு நிக்கல."

ஷர்பரிக்கு மூச்சு வந்தது. தொட்டியை எடுத்துக் கொடுத்தாள். அவர் கிளம்பவில்லை.

"எப்படித் தொட்டு வைக்கணும், தீதி? அவகிட்ட நான் கேட்டு வெச்சுக்கல."